இருபது பேர் தொட்ட டியூப்

சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் ஸ்தோத்திரத்தோடு ஆரம்பிப்பார்கள். நான் எரிச்சலோடு ஆரம்பிக்கிறேன். ஸ்தோத்திரம் கடைசியில் வரும், கண்டிப்பாக வரும். ஆனால் போன வருடம் கோடையில் ஆண்டவர் என்னைச் சந்தித்தபோது நான் எரிச்சலில்தான் இருந்தேன். அதை மறைத்தால் இது சாட்சியே இல்லை.

என் பெயர் எஸ்தர். வயது இருபத்திரண்டு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அணுபுரம் டவுன்ஷிப்புக்குச் சற்று வெளியே எங்கள் வீடு. எனக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும். பஸ் வருவதற்கு முன்பே கையை நீட்டுகிற ஆள் நான்.

வியாதி எனக்கில்லை, மலர் அண்ணிக்கு. என் அண்ணன் தேவாவின் மனைவி. செய்யூர்ப் பக்கத்துப் பெண். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்த்தார். கல்யாணமான அடுத்த வருடமே விரல் மூட்டெல்லாம் வீங்கியது, கன்னம் இரண்டும் சிவந்தது. கடற்கரை வெயில் என்று நினைத்தோம். லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். சிறுநீரகம் வரை போயிருந்தது. வேலையை விட்டார். மூன்று வருடம் மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடும்வரை குழந்தை கூடாது.

அண்ணி எங்கள் சபைக்கு வரமாட்டார். நெற்றியில் பொட்டோடுதான் இருப்பார். நாங்கள் வீட்டில் ஜெபிக்கும்போது சமையலறையில் இருந்துகொண்டு, "என்னியும் சேத்துக்கோங்க, ஆனா சுருக்கா முடிங்க, கொழம்பு தீயுது" என்பார்.

போன வருடம் டாக்டரம்மா ஒரு நல்ல வார்த்தை சொன்னார். செங்கல்பட்டில் அவரிடம்தான் காட்டுகிறோம். "ஒரு வருஷமா நோய் அமைதியா இருக்கு. அது உண்மையிலேயே தூங்குதான்னு ரத்தத்துல பார்த்துட்டா, மாத்திரையை மாத்திடலாம். அப்புறம் குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்" என்றார். வெளியே வந்ததும் அண்ணி ஒரு கரும்பு ஜூஸ் வாங்கி முழுவதையும் தானே குடித்தார். எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பரிசோதனைதான் எங்களைப் படுத்தியது.

காம்ப்ளிமென்ட் என்று சில புரதங்கள் எல்லோருடைய ரத்தத்திலும் உண்டு. காவல்காரர்கள் மாதிரி. லூபஸ் விழித்துக்கொண்டால் இவை வீணாகச் செலவாகிக் குறைந்துபோகும். ஆகவே இவை நன்றாக வேலை செய்தால் நோய் தூங்குகிறது, குறைந்தால் விழித்திருக்கிறது. இரண்டு புரதங்களின் அளவு சாதாரணத்தின் கீழ் விளிம்பில் வந்தது. சிறுநீரிலும் புரதம் ஒரு நூல் கூடியிருந்தது. "எல்லாம் ஓரத்துலயே நிக்குது. மொத்தக் கூட்டமும் சேர்ந்து வேலை செய்யுதான்னு பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதை எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

முதல் தடவை எங்கள் பக்கத்திலேயே ஒரு கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்தோம். காலையில் எடுத்த ரத்தத்தைச் சாயங்கால வண்டியில் அனுப்பினார்கள். அதுவரை அது மேசைமேல் இருந்ததாம், மின்விசிறிக் காற்றில். ரிசல்ட் மிகக் குறைவு. சாம்பிள் தாமதம் என்று கீழே ஒரு வரி. கேட்டால், "எல்லா டெஸ்டும் இப்டித்தாம்மா போவுது" என்றார்கள். நான் கத்தினேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது தடவை, இனி யாரையும் நம்பக் கூடாது, நானே கொண்டுபோகிறேன் என்று முடிவு செய்தேன். அண்ணிக்கு வெயில் ஆகாது. அரை மணி வெயில் பட்டால் மூன்று நாள் படுக்கை. ஆகவே ரத்தத்தை அதே சென்டரிலேயே எடுத்து, மெஷினில் சுழற்றி, மேலே நிற்கும் மஞ்சள் நீரைப் பிரித்துக் கொடுத்துவிடச் சொன்னேன். இரண்டு ஐஸ் பைகளுக்கு நடுவே டியூப், தெர்மகோல் பெட்டி, மேலே டேப். ஊரப்பாக்கத்தில் இருக்கிற லேபுக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். அவ்வளவுதான் வேலை.

நான் நேராகப் போகவில்லை.

அது வெள்ளிக்கிழமை. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் சபையில் உபவாச ஜெபம். பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இறங்கி, ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நிமிடம் என்று சபையில் சொன்னால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

தகரக் கூரை. மே மாதம். நான் பெட்டியை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன். எங்கள் பாஸ்டரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், என்னைவிட ஆறு வயதுதான் பெரியவர். அவர் பெட்டியின் மேல் கை வைத்தார். எனக்கு அது போதவில்லை. "திறந்துடுறேண்ணா, டியூப் மேலயே கை வெச்சு ஜெபிங்க" என்றேன். டேப்பைக் கிழித்தது நான்தான். இதை அழுத்திச் சொல்கிறேன். நான்தான்.

டியூப் பாஸ்டர் அண்ணனின் உள்ளங்கைக்குப் போனது. பிறகு ராஜாத்தி அக்காவிடம். எங்கள் சபையில் ஜெபம் என்றால் முன்னால் நிற்பவர் அவர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுவா மலரு ரத்தம்? இன்னா பாப்பா, மஞ்சளாக்கீது?"

"சிவப்பெல்லாம் பிரிச்சுட்டாங்கக்கா. இது சீரம்."

"சீரமோ இன்னாவோ, அவருக்குத் தெரியும்" என்று கண்ணை மூடினார்.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. இருபது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் அழுத்திப் பிடித்து ஜெபித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது. பாஸ்டர் அண்ணன் எண்ணெய் கொண்டுவந்து டியூபின் மேல் பூசினார். நடுவில், உபவாசம் இருந்த ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றியது. ராஜாத்தி அக்கா என் பெட்டியிலிருந்து ஐஸ் பை ஒன்றை எடுத்து அந்த அம்மாவின் நெற்றியில் வைத்தார். இன்னொன்றைப் பிடரியில் வைத்தார். எவ்வளவு அன்பான சபை என்று நான் பூரித்துப்போனேன். டியூபைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, தண்ணீராகிப்போன இரண்டு ஐஸ் பைகளுக்கு நடுவே டியூபை வைத்து மூடினேன். அடுத்த பஸ் வர இன்னும் அரை மணி. ஊரப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டரை.

லேபில் பாஸ்கர் என்று ஒரு டெக்னீஷியன். பெட்டியைத் திறந்து டியூபை எடுத்தார். அது கையிலிருந்து நழுவியது.

"இன்னாம்மா, டியூபு வழுக்குது?"

"தெரியலண்ணா."

"பேரு வேற அழிஞ்சி கீது. வழியில எங்கனா தொறந்தியா?"

எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். எங்கள் சபை இதை எடுத்துச் சுற்றி ஜெபித்தது என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சபையில் கண்ணீர் விட்டவள், அந்தக் கவுண்டரில் வெட்கப்பட்டேன்.

"இல்லண்ணா, திறக்கல" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டியூபை உள்ளே கொண்டுபோனார். இந்த டெஸ்டைத் தினமும் போடமாட்டார்கள். புதனும் சனியும்தான். திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. முதல் தடவையைவிட மோசம். அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்று போட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு தடவையும் இப்படி வந்தா நான் சும்மா இருக்க முடியாது. நோய் முழிச்சிருக்குன்னுதான் எடுத்துக்கணும். வர்ற திங்கக்கிழமை அட்மிட் ஆகிடுங்க. டிரிப்ஸ்ல மருந்து ஏத்தணும்."

அண்ணி கேட்டார்: "அதுக்கப்பால கொழந்த?"

"அந்த மருந்து கருமுட்டையைப் பாதிக்கலாம்மா. எல்லாருக்கும் இல்ல. ஆனா சில பேருக்குக் கஷ்டம். முதல்ல கிட்னியைக் காப்பாத்தணும்."

அண்ணி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"அன்னிக்கு உபவாசத்துல எல்லாரும் ஜெபம் பண்ணீங்கன்னு சொன்னியே பாப்பா. உங்க ஆண்டவரு இன்னா சொன்னாரு? இல்லன்னு சொல்ட்டாரா?"

மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா தெரியவில்லை. சண்டை போட்டேன். ஆண்டவரே, இருபது பேர் கேட்டோம். சாப்பிடாமல் கேட்டோம். கேட்கக் கேட்கக் குறைகிறதே, இதென்ன நியாயம். குணமாக்குவதாக இருந்தால் ஆக்கும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும், நாங்கள் கேட்பதையாவது நிறுத்துகிறோம். இந்த இழுபறி எனக்கு வேண்டாம்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. பாஸ்கர் அண்ணனின் குரல்தான் வந்தது. டியூபு வழுக்குது. வழியில எங்கனா தொறந்தியா.

வேறு ஏதாவது நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. டியூபு வழுக்குது. நான் சுகத்தைக் கேட்டேன், ஆண்டவர் என் பொய்யை எடுத்து என் கையில் வைத்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. நான் இதையா கேட்டேன்?

மறுநாள் புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஊரப்பாக்கம் போனேன். பாஸ்கர் அண்ணன் கையுறையோடு வெளியே வந்தார்.

"அண்ணா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். பெட்டியைத் திறந்தோம். சபையில ஜெபம் பண்றதுக்காக."

"டியூப தொட்டீங்களா?"

"தொட்டோம்."

"எத்தினி பேரு?"

"ஒரு இருபது பேர். எண்ணெயும் பூசினோம். ஐஸ் பை கொஞ்ச நேரம் வெளியில இருந்துச்சு."

அவர் கையுறையைக் கழற்றிக் கவுண்டரில் போட்டார். "இருவது பேரா. இன்னாம்மா இது, தேர்த் திருவிழாவா? வடம் புடிக்கிற மாதிரி ஆளாளுக்குப் புடிச்சிக்கினு இருந்தீங்களா? நான் கேட்டேனே உன்னை. ரீடிங்கு வராத அன்னிக்கு எங்க மெஷினு மேல, கெமிக்கலு மேல, எல்லாத்து மேலயும் சந்தேகப்பட்டு நான் பேஜாராயி கெடந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்சம் தணிந்து, "வா, பாத்துட்டுப் போ" என்று கண்ணாடிக் கதவருகே நிறுத்தினார். அன்றைய டெஸ்ட் முடிந்து குழாய்கள் வரிசையாக நின்றன. சில குழாய்களில் நீர் முழுக்கச் சிவப்பு. ஒன்றில் மட்டும் மேலே தெளிந்த நீர், அடியில் சிவப்பாக ஒரு பொட்டு.

"இது செம்மறியாட்டு ரத்த அணு. பேஷண்ட்டோட சீரத்த இதுல ஊத்துவோம். காம்ப்ளிமென்ட்டு உயிரோட இருந்தா, அணுவ ஒடச்சி வுட்டுடும், தண்ணி செவந்துடும். செத்துப்போயிருந்தா அப்டியே அடியில தங்கிடும். இது சூடு தாங்காத சரக்கும்மா. வெளியில வெச்சா டியூபுக்குள்ளயே செத்துடும். ஆளு நல்லாத்தான் இருப்பாங்க. டியூபுல மட்டும் ஒண்ணும் இருக்காது."

ஆட்டுக்குட்டியாகிய இயேசுவின் ரத்தத்தைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து பாடியவள் நான். ஆட்டு ரத்தம் ஒரு சோதனைக் குழாயில் அண்ணிக்காகக் காத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அப்ப எங்க அண்ணி ரிசல்ட் தப்பாண்ணா?"

"தப்பா சரியான்னு சொல்றதுக்கே அதுல ஒண்ணும் இல்ல. இனிமே டியூப கொண்டாராத. ஆள கொண்டா. இங்கயே எடுத்து இங்கயே போடறேன். சனிக்கெழம பதினோரு மணிக்குள்ள வரணும். வுட்டா அப்பால புதன்தான்."

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த நம்பரை வெச்சுத்தான் நான் மருந்து ஏத்த இருந்தேன்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "திங்கக்கிழமை பெட் சொல்லியாச்சு. சனிக்கிழமை ரிசல்ட் வந்தா பார்க்கலாம். வரலைன்னா ஏத்திடுவேன். காத்திருந்து கிட்னியைப் பணயம் வைக்க மாட்டேன்."

கடைசியாக அண்ணியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "இன்னா பாப்பா, எனக்குக் குடுக்க முடியாத ஞானஸ்நானத்த என் டியூபுக்குக் குடுத்துட்டீங்களா?" என்றார். சிரிப்பு சட்டென்று நின்றது. "கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா? மூணு நாளு நான் எப்டி இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?" அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. தட்டில் சாதம் வைத்தார். பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். தேவா அண்ணனுக்கு ஷிப்ட், வர முடியவில்லை. அண்ணி முழுக்கைச் சட்டையும் குடையுமாக, முகத்தில் துணி சுற்றி, பஸ்ஸில் ஜன்னல் இல்லாத பக்கம் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ் நின்றது. ரேடியேட்டர். கண்டக்டர், "அஞ்சி நிமிஷம்" என்றார். ஐந்து நிமிடம் என்றால் என்ன என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிழலுக்கு ஒரு புளியமரம், அதற்கடியில் பஸ்ஸில் வந்த மொத்தக் கூட்டமும். நான் ரோட்டில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை நீட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆண்டவரே, உண்மையைச் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன?

அப்போதுதான் அண்ணி என்னோடு பேசினார்.

"பாப்பா, இங்க வா. கையக் காட்டிக்கினே நின்னா எவன் நிப்பான்? நீ வாயால கேளு. சுருக்கா கேளு. பெட்டி கிட்டி ஒண்ணும் தொறக்காத."

குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டார். நான் வாய்விட்டு ஜெபித்தேன். சின்ன ஜெபம். எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அவ்வளவுதான். கண் திறந்ததும் ஷேர் ஆட்டோ வந்து நின்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து அடுத்த பஸ் வந்தது, நிற்க இடமில்லாமல். ஏறினோம். ஒரு அக்கா அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயில் கிளம்பத் தயாராக நின்றது. ஊரப்பாக்கத்தில் பத்து நாற்பதுக்கு லேப் வாசலில் இருந்தோம்.

பாஸ்கர் அண்ணன் தானே ரத்தம் எடுத்தார். "இந்தத் தடவை ஜெபம் இல்லியா?" என்று கேட்டார்.

"ஆச்சுண்ணா. ரோட்டுலயே" என்றார் அண்ணி.

மூன்று மணிக்கு எங்களை உள்ளே கூப்பிட்டார். நோயில்லாத ஆளுடைய சீரம் ஊற்றிய குழாய் ஒன்று, அண்ணியுடையது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டும் சிவப்பு. எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அண்ணி கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னுது வேலை செய்யுதா?"

"ஜம்முனு செய்யுதும்மா."

அண்ணி அங்கேயே, கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில், என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். சிவந்த குழாயைப் பார்த்து நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். சொன்னேனே, கடைசியில் வரும் என்று.

திங்கட்கிழமை அட்மிஷன் இல்லை. சிறுநீரை மறுபடி பார்த்தார்கள், கூடவில்லை. டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார், ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜாத்தி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப எங்க கை சூட்டுலதான் செத்துப்போச்சின்றியா?" அவருக்கு மனம் நொந்துவிட்டது. நான் பதில் தேடுவதற்குள் பாஸ்டர் அண்ணன் எழுந்தார். "எண்ணெய் பூசினவன் நான்க்கா. ஐஸ் பெட்டின்னு தெரிஞ்சும் கேக்கல. மன்னிப்பு நான்தான் கேட்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்கா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "என் கை எப்பவுமே சூடுதான்" என்றார். அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஜெபம் வீணா என்று எத்தனையோ நாள் யோசித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த வெள்ளிக்கிழமை அண்ணியின் உடம்பில் நோய் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அது ஐஸ் பெட்டிக்குள், என் மடியில், பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. கையில் இருந்த பதிலை நாங்களே பிடித்துப் பிடித்துக் கெடுத்தோம். அப்படியும் ஆண்டவர் விடவில்லை. படிக்கட்டுக்கு அடியில் நின்று கத்தியவளைத் திட்டாமல், ஒரு வழுக்கும் டியூபை ஞாபகப்படுத்தினார். நான் கேட்காத பதில் அது. அது வராமல் இருந்திருந்தால் அந்த மருந்து அண்ணியின் உடம்பில் ஏறியிருக்கும்.

ஆறு மாதம் நல்லபடியாக முடிந்தது. இப்போது அண்ணிக்கு நான்காவது மாதம். பொட்டோடுதான் இருக்கிறார். ஞாயிறு சபைக்கு வந்து பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறார். ஜெபம் நீண்டால் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

போன வாரம் ஒரு சகோதரி, தன் கணவருடைய ரத்த சாம்பிளை இதே மாதிரி ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு சபை வாசலுக்கு வந்தார். டேப்பில் கை வைத்தார். ராஜாத்தி அக்கா உள்ளே இருந்தே குரல் கொடுத்தார்: "ஏ, அதத் தொறக்காத. நீ போய் பஸ்ஸப் புடி. நாங்க இங்க இருந்து கேக்கறோம்."

அந்தச் சகோதரி ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார். நாங்கள் இருபது பேரும் வெறுங்கையைத் தூக்கி, போகிற பஸ்ஸைப் பார்த்து ஜெபித்தோம்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பீர்கள். எரிச்சலில் இருந்தால் எரிச்சலோடே கேளுங்கள், ஆண்டவர் கேட்கிறார். வருகிற பதில் உங்கள் தப்பைக் காட்டினாலும் அதைத் தள்ளாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் மூடியே வையுங்கள். அவர் பார்ப்பதற்கு நாம் திறந்து காட்ட வேண்டியதில்லை.